பெரிய அணியின் பெஞ்சு, சின்ன அணியின் களம்
கழக்கூட்டம்: பதினெட்டு வயதில் ஒரு கால்பந்து ஆட்டக்காரன் போடும் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை கழக்கூட்டம் வந்ததும் தூண்களில் ஏறிக்கொள்கிறது. 2022 நவம்பரில் திறக்கப்பட்ட 2.72 கிலோமீட்டர் மேம்பாலம் அது. மேலே போகிற வண்டிக்குக் கழக்கூட்டம் சில நிமிட விஷயம். கீழே இறங்கினால்தான் ஊர் தெரியும்: டெக்னோபார்க் வாசலில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய கூட்டம், ரயில் நிலையம், வாடகை அறைகளுக்கான விளம்பரங்கள், மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல் மைதானங்கள். தலைநகரின் மையத்திலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தாலும், கழக்கூட்டத்துக்கு எப்போதும் தனி முகம் உண்டு.

அந்த முகம் பழையது. வேணாட்டு அரசர்களை ஆட்டிப்படைத்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா அந்த எட்டு வீடுகளையும் அழித்தார். வீடு இருந்த இடங்களைத் தோண்டிக் குளமாக்கினார்கள் என்பது மக்கள் சொல்லிவரும் வரலாறு. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஊர் அடங்கியே கிடந்தது. 1960-களில் மீண்டும் விழித்தது. 1962-ல் சைனிக் பள்ளி வந்தது. 1963 நவம்பர் 21 அன்று பக்கத்துக் கடலோரமான தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் புறப்பட்டது. 1985-ல் காரியவட்டத்தில் லக்ஷ்மிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1990-ல் டெக்னோபார்க். ராணுவ அதிகாரி, விஞ்ஞானி, விளையாட்டுப் பயிற்சியாளர், கம்ப்யூட்டர் பொறியாளர் என்று நான்கு வகையான கனவுகளும் சில கிலோமீட்டர் சுற்றளவில் தயாராகும் ஊர் இது.

இவற்றில் உடற்கல்விக் கல்லூரியும், அதற்கு அடுத்தாற்போல கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகமும், அந்தப் பல்கலைக்கழக நிலத்திலேயே எழும்பிய கிரீன்ஃபீல்டு ஸ்டேடியமும் சேர்ந்து இப்பகுதியை விளையாட்டுக்காரர்களின் வட்டாரமாக்கியிருக்கின்றன. பிளஸ் டூ முடிந்து, பட்டப்படிப்புச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் மாவட்டத்தின் கால்பந்து ஆட்டக்காரர்கள் முன்னால் ஒரே கேள்விதான் நிற்கும். பேர் பெற்ற கல்லூரியின் ஜெர்ஸியா, பேர் தெரியாத கல்லூரியின் ஜெர்ஸியா?

கல்லூரியோடு அந்தக் கேள்வி முடிவதில்லை. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து வேலை தரும் இலாகா அணியா, சம்பளம் தரும் கிளப்பா என்று அது வேறு உருவத்தில் திரும்பி வரும். கேரளத்தின் கால்பந்து வரலாற்றில் பாதியை அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களாகவே எழுதிவிடலாம்.

சான்றிதழின் விலை

கணக்கைப் புரிந்துகொள்ளச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். கேரளத்தில் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கே விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. பையன் வாங்கிய சான்றிதழ்களை ஸ்போர்ட்ஸ் கவுன்சிலில் சரிபார்த்த பிறகுதான் அந்த வரிசையில் நிற்க முடியும். கல்லூரியிலும் இதே வழி. ஸ்போர்ட்ஸ் கவுன்சில் சில கல்லூரிகளோடு இணைத்து விளையாட்டு விடுதிகளையும் நடத்துகிறது. தேர்வு முகாமில் தேறுபவர்களுக்கு அங்கே தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும்.

சேர்ந்த பிறகு ஏணியின் படிகள் தெளிவானவை. கல்லூரி அணிக்கு ஆடினால் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. அங்கே கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி. அந்த அணி தென் மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அதிலும் பெயரெடுத்தால் சந்தோஷ் டிராஃபி முகாமுக்கு அழைப்பு வரலாம்.

இதில் இரண்டாவது படிதான் விலை மதிப்புள்ளது. மத்திய அரசு அலுவலகங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரத் தகுதிகளாகச் சொல்லப்பட்டிருப்பவற்றில் ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருப்பது. நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆட முடியாதவனுக்கும் அந்த ஒரு காகிதம் அலுவலகக் கதவைத் திறந்து வைக்கும். வேலை நிச்சயமில்லை. ஆனால் காகிதம் இல்லாதவன் வரிசையிலேயே நிற்க முடியாது.

ஆகவே பதினெட்டு வயதுப் பையனுக்கு நிஜமான கேள்வி கோப்பையைப் பற்றியது அல்ல. பல்கலைக்கழகத் தேர்வாளர் தன்னை எந்த ஜெர்ஸியில் பார்க்கப் போகிறார் என்பதே.

இங்கேதான் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. பேர் பெற்ற கல்லூரி அணி போட்டியில் கடைசிவரை போகும். ஐந்து, ஆறு ஆட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தேர்வாளர் பார்ப்பார். ஆனால் அந்த அணியில் இருபது பேர் இருப்பார்கள், களத்தில் இறங்குவது பதினொரு பேர். முதலாண்டு மாணவன் பெரும்பாலும் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். சின்னக் கல்லூரியில் முதல் நாளே அவன் அணியின் தூண். தொண்ணூறு நிமிடமும் ஆடலாம், பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் அவனுக்கே. ஆனால் அந்த அணி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால், தேர்வாளர் அவனை அந்த வருடம் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருப்பார். அன்றைக்குக் கணுக்கால் வலித்தால் வருடம் போயிற்று.

விவரம் தெரிந்த பையன்கள் கல்லூரியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் வேறு சிலவற்றையும் விசாரிப்பார்கள். தான் ஆடும் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார், அவர் எந்த ஆண்டு படிக்கிறார்? இறுதியாண்டு என்றால் அடுத்த வருடம் இடம் காலி. முதலாண்டு என்றால் மூன்று வருடம் அவர் நிழலில் நிற்க வேண்டும். கோல் கீப்பருக்கு இந்தக் கேள்வி உயிர் போகிற கேள்வி. அந்த இடம் ஒன்றே ஒன்று.

அடுத்தது வருகைப் பதிவு. காலையிலும் மாலையிலும் பயிற்சி, போட்டிக்காக வெளியூர்ப் பயணம் என்று போனால் வகுப்பு தவறும். அதைச் சரிக்கட்டித் தரும் மனசு கல்லூரி நிர்வாகத்துக்கு இருக்கிறதா? உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் நிற்பவரா, அலுவலகத்தில் உட்காருபவரா? 2024 முதல் கேரளத்தில் நான்காண்டு பட்டப்படிப்பு வந்திருக்கிறது. மூன்றாண்டில் வெளியேறலாம், நான்காவது ஆண்டும் தொடரலாம். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட வயது வரம்பு இருபத்தைந்து. ஒரு வருடம் கூடுதலாகக் கிடைப்பது சிலருக்கு லாபம். வீட்டில் பணம் எதிர்பார்த்திருப்பவர்களுக்கு நஷ்டம்.

கடைசிக் கேள்வியைக் கேட்பது பையன் அல்ல, அம்மா. விடுதியில் சாப்பாடு எப்படி?

மணலில் பழகிய கால்கள்

இந்த மாவட்டத்தின் ஆட்டக்காரர்களில் கணிசமானோர் கடலோரத்துப் பிள்ளைகள். கழக்கூட்டத்திலிருந்து மேற்கே இறங்கினால் தும்பா. அங்கிருந்து கடலை ஒட்டித் தெற்கே வெட்டுகாடு, வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம், பூவாறு என்று தொடரும் மீனவ ஊர்களின் வரிசை மாவட்டத்தின் தென்கோடியில் பொழியூரில் முடிகிறது. பொழியூருக்கு அடுத்த எட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தின் கொல்லங்கோடு. எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே கடல், அதே கரமடி வலை, அதே தேவாலயத் திருவிழா, அதே கால்பந்து. சந்தோஷ் டிராஃபிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பும் கிராமம் என்று பொழியூருக்குக் கேரளத்தில் பெயர். 2018-ல் கொல்கத்தாவில் வங்காளத்தை வீழ்த்திக் கோப்பையை வென்ற கேரள அணியிலும் பொழியூர்க்காரர் இருந்தார்.

மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை இலேசு. ஆனால் கடலோரத்துப் பையனுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அவன் கல்லூரி விடுதிக்குப் போனால் வீட்டில் வலை இழுக்கும் ஒரு கை குறைகிறது. விளையாட்டு என்றைக்குச் சோறு போடும் என்று வீடு கேட்கும்போது பதில் சொல்ல அவனிடம் ஒரு தேதி இருக்க வேண்டும்.

வெட்டுகாட்டைச் சேர்ந்த ஜாபி ஜஸ்டினின் பாதை இதற்கு நல்ல உதாரணம். 1993-ல் பிறந்த ஜாபி, கேரள மின்வாரிய அணிக்கு ஆடியவர். 2017-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அவரை எடுத்துக்கொண்டது. 2018-19 ஐ-லீக் பருவத்தில் ஒன்பது கோல்கள் அடித்தார். அந்தப் பருவத்தில் இந்திய ஆட்டக்காரர் எவரும் அதற்கு மேல் அடிக்கவில்லை. அடுத்த வருடம் அதைவிடப் பெரிய ஜெர்ஸி வந்தது: ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே. 2019-20 பருவத்தின் சாம்பியன் அந்த அணிதான். ஆனால் ராய் கிருஷ்ணாவும் டேவிட் வில்லியம்ஸும் முன்வரிசையில் நின்ற அணியில் ஜாபி பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்.

அதே ஏ.டி.கே.யில் அதே பருவத்தில் இன்னொரு கடலோரத்துக்காரர் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். அவர் ஏறி வந்த படிகள் வேறு. முதலில் ஐ-லீக்கில் சென்னை சிட்டி, பிறகு 2018-ல் ஜாம்ஷெட்பூர், அதன் பிறகே கொல்கத்தா. போன இடத்தில் இடப்பக்கம் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது, அதில் ஒழுங்காக ஆடினார். கோப்பை இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் ஆடி வென்றார், மற்றவர் பெரும்பாலும் காத்திருந்து வென்றார். முன்வரிசை ஆட்டக்காரரின் இடத்தை வெளிநாட்டவரைக் கொண்டு நிரப்புவது ஐ.எஸ்.எல். அணிகளின் வழக்கம் என்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். அணி பெரிதா என்பதோடு, அந்த அணியில் தன் இடம் யாருக்கானது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கடலோரத்துக்குத் தேவையில்லை. விதியின் கை வேறு இருக்கிறது. 2020 நவம்பரில் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சூசைராஜ் அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார்.

சம்பளப் பதிவேட்டில் கால்பந்து

கிளப்புகள் வருவதற்கு முன் கேரளக் கால்பந்து அலுவலகங்களில்தான் வாழ்ந்தது. தலைநகரில் டைட்டானியம் தொழிற்சாலை, ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், மின்வாரியம், ஏ.ஜி. அலுவலகம், போலீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் அணி. சென்னை லீக்கை ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்க இலாகா, வருமான வரி இலாகா அணிகள் தாங்கி நின்ற காலத்தைப் பார்த்த தமிழ் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. காலையில் பயிற்சி, பகலில் கையெழுத்து, முதல் தேதி சம்பளம். முப்பத்தைந்து வயதில் பூட்ஸைக் கழற்றினால் நாற்காலி காத்திருக்கும்.

அந்த ஏற்பாட்டின் உச்சம் கேரளப் போலீஸ் அணி. 1980-களில் டி.ஜி.பி.யாக இருந்த எம்.கே. ஜோசப் திறமையுள்ள இளைஞர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ.எம். விஜயன் பதினேழு வயதில் அந்த அணிக்கு வந்தார். வி.பி. சத்யன், பாப்பச்சன், ஷராஃப் அலி, குரிகேஷ் மாத்யூ என்று வரிசை நீண்டது. 1990-ல் திருச்சூரிலும் 1991-ல் கண்ணூரிலும் அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை வென்றது போலீஸ். கொல்கத்தாவின், கோவாவின் பெரிய கிளப்புகள் ஆடிய போட்டி அது. சின்ன அணி என்று எண்ணப்பட்ட ஒன்று ஆட்களைச் சரியாகச் சேர்த்தால் பெரிய அணிகளைச் சாய்க்கலாம் என்று அன்று தெரிந்தது.

அணி பெரிதானதும் அதன் ஆட்டக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய அழைப்புகள் வந்தன. விஜயன் 1991-ல் மோகன் பகானுக்குப் போனார். சத்யனும் அதே பாதையில் கொல்கத்தா போய், பின்னர் சென்னையில் இந்தியன் வங்கிக்கு வந்தார். விஜயன் பல கிளப்புகளைச் சுற்றி, கடைசியில் போலீஸ் பணிக்கே திரும்பி, 2025-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மஸ்ரீ கிடைத்தது. சத்யனுக்கு அந்த முடிவு வாய்க்கவில்லை. இந்திய அணியின் தலைவராக இருந்தவர், 2006-ல் சென்னைப் பல்லாவரத்தில் ரயிலில் அடிபட்டு இறந்தார். ஒரே அணியில் தொடங்கிய இரண்டு வாழ்க்கைகள் இவை. இந்த வட்டாரத்தில் வேலை, கிளப் என்ற பேச்சு எழும்போது இரண்டு பெயர்களும் சேர்ந்தே வரும்.

கிளப்பை நம்பிப் போனவர்களின் அனுபவமும் நினைவில் இருக்கிறது. 1997-ல் எஃப்.சி. கொச்சின் தொடங்கியபோது கேரளமே துள்ளியது. முதல் வருடமே மோகன் பகானைத் தோற்கடித்து டியூராண்டு கோப்பையை வென்றது. சில வருடங்களிலேயே பண நெருக்கடியில் கலைந்தது. 2004-ல் வந்த விவா கேரளா பிறகு சிராக் யுனைடெட் கேரளா என்று பெயர் மாறி, 2012-ல் மூடப்பட்டது. ஜெர்ஸியை மட்டும் நம்பியவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

அலுவலகமும் சாசுவதமல்ல. 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. தலைநகர் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த எஸ்.பி.டி. என்ற பெயர் அன்றோடு போயிற்று.

இரண்டு தோணியில் கால்

இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முடியாதா? முடியும் என்று பார்த்தவர் சி.கே. வினீத். கண்ணூர்க்காரரான இவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் திருவனந்தபுரம் ஏ.ஜி. அலுவலகத்தில் சேர்ந்தார். கூடவே பெங்களூரு எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆடினார். இந்திய அணியிலும் இடம் பிடித்தார். 2017-ல், போதிய வருகை இல்லை என்று சொல்லி அலுவலகம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. விளையாடுவதற்காகவே எடுக்கப்பட்டவர் விளையாடப் போனதால் வேலையை இழந்தார் என்று கேரளமெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. மாநில அரசு தலைமைச் செயலகத்தில் வேறு பணி தர முன்வந்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதாடலாம். அலுவலகத்தின் பார்வையில் ஒதுக்கீடு என்பது அலுவலக அணிக்காக ஆடுவதற்கு. வருடத்தில் பல மாதங்களைக் கேட்கும் தொழில்முறை லீக்கை அந்த விதிகளை எழுதியவர்கள் கனவிலும் கண்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பையன்களுக்குச் செய்தி தெளிவாகவே போய்ச் சேர்ந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு.

அரசு வேலையின் ஈர்ப்பு இன்னும் குறையவில்லை. மாநில அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு ஐம்பது பேருக்கு வேலை என்று வைத்திருக்கிறது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்தே ஐம்பது. 2018-ல் சந்தோஷ் டிராஃபி வென்ற அணியில் வேலையில்லாமல் இருந்த பதினொரு பேருக்கு எழுத்தர் பணி தருவதாக அரசு அறிவித்தது. கேரளம் இதுவரை ஏழு முறை அந்தக் கோப்பையை வென்றிருக்கிறது: 1973, 1992, 1993, 2001, 2004, 2018, 2022. 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத் இறுதி ஆட்டத்தில் வங்காளத்திடம் ஒரு கோலில் தோற்றபோது எட்டாவது கை நழுவியது. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே ஒரு கோல். சில வீடுகளில் அந்த ஒரு கோலுக்கு நிரந்தர வருமானம் என்று இன்னொரு பெயர்.

கடல் கடந்த அதே கணக்கு

இந்தக் கணக்கைப் பெரிய அளவில், பகிரங்கமாக, தொலைக்காட்சி வெளிச்சத்தில் போடும் நாடு அமெரிக்கா. அங்கே ஃபுட்பால் என்றால் நீள்வட்டப் பந்தும் தலைக்கவசமும் கொண்ட வேறு ஆட்டம். ஆனால் பள்ளியை முடிக்கும் பையனின் தவிப்பு ஒன்றேதான். தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி., பிக் டென் போன்ற பெரிய கூட்டமைப்புகளில் இருக்கும் பல்கலைக்கழகமா, சின்னக் கூட்டமைப்பில் இருப்பதா? பேர் பெற்ற பையன்கள் மேஜை மேல் நாலைந்து பல்கலைக்கழகத் தொப்பிகளை வைத்து, கேமரா முன் ஒன்றை எடுத்து அணிந்து முடிவை அறிவிப்பார்கள்.

பெரிய இடத்தில் பெரிய மைதானம், தொலைக்காட்சி, தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள். சின்ன இடத்தில் முதல் வருடமே களம். சின்ன இடம் யாரையும் தடுத்ததில்லை என்பதற்கு அங்கே ஜெர்ரி ரைஸ் இருக்கிறார். மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து 1985-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, தன் இடத்தில் ஆடியவர்களில் தலைசிறந்தவர் என்று பெயரெடுத்தார். ஜோஷ் ஆலனைப் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் சீந்தவில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு ஜூனியர் கல்லூரியில் ஆடிவிட்டு வயோமிங் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2018-ல் நாட்டிலேயே ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்படிச் சொல்லும்போது, சின்ன இடத்துக்குப் போய்ப் பெயரே தெரியாமல் போன ஆயிரக்கணக்கானவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அங்கே இப்போது பணமும் கணக்குக்குள் வந்துவிட்டது. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரி பிடிக்காவிட்டால் அடுத்ததற்கு மாறுவதும் எளிதாகிவிட்டது. 2024-ல் பசிஃபிக் கரையின் பழம்பெரும் கூட்டமைப்பிலிருந்து பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் பணம் தேடி வெளியேறின. பெரிய இடம் என்று நம்பிச் சேர்ந்தவன் கண்ணெதிரே இடமே கலைந்துபோவது எஃப்.சி. கொச்சினுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

திருவனந்தபுரத்துப் பையனுக்கும் அமெரிக்கப் பையனுக்கும் உள்ள வித்தியாசம், விழுந்தால் தாங்கும் வலையில் இருக்கிறது. அங்கே தோற்றவனுக்கும் பெரும்பாலும் செலவில்லாமல் ஒரு பட்டம் மிஞ்சும். இங்கே பட்டத்தால் மட்டும் வேலை கிடைப்பதில்லை என்பதால்தான் சான்றிதழைத் தேடி மைதானத்துக்கு வருகிறார்கள்.

புல்வெளியின் கதை

காரியவட்டத்தின் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தைப் பார்த்தால் கால்பந்துக்காரர்களுக்கு ஒரு பெருமூச்சு வரும். பல்கலைக்கழகம் குத்தகைக்குக் கொடுத்த 36 ஏக்கரில் கட்டப்பட்ட இந்த அரங்கில் 2015 ஜனவரி 31 அன்று தேசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா நடந்தது. பக்கத்து மேனங்குளத்தில்தான் விளையாட்டு வீரர்களின் கிராமம். அந்த ஆண்டு இறுதியில் தெற்காசியக் கால்பந்துப் போட்டி இங்கே வந்தது. 2016 ஜனவரி 3 இறுதி ஆட்டத்தில் ஆப்கானிஸ்தான் முதல் கோலைப் போட, ஜெஜெ சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்த கோலில் இந்தியா 2-1 என்று வென்றது.

பிறகு கிரிக்கெட் குடியேறியது. 2017 நவம்பர் 7 அன்று மழையால் எட்டு ஓவராகச் சுருங்கிய இந்தியா - நியூஸிலாந்து ஆட்டம், 2023 ஜனவரியில் இலங்கையை இந்தியா 317 ரன்களில் நசுக்கிய ஒருநாள் ஆட்டம் என்று அரங்கின் பெயர் பரவியது. கடலோரத்துப் பையன்கள் நடந்து வரும் தூரத்தில் சர்வதேச அரங்கு இருக்கிறது, அவர்களுடைய ஆட்டம் அங்கே அபூர்வம். 2024-ல் ஆறு அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் தலைநகரின் அணியான திருவனந்தபுரம் கொம்பன்ஸ், நகர மையத்தின் பழைய சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில்தான் தன் ஆட்டங்களை ஆடியது.

ஆனால் அந்த லீக் கணக்கில் ஒரு புதிய கட்டத்தைச் சேர்த்திருக்கிறது. இதுவரை வீட்டை விட்டுக் கொல்கத்தாவுக்கோ கோவாவுக்கோ போனால்தான் சம்பளம். இப்போது உள்ளூரிலேயே ஒப்பந்தம் கிடைக்க வழி உண்டு. அதன் பருவம் வருடத்தில் சில மாதங்களே. மிச்ச மாதங்களுக்கு வடக்கே மலபாரின் செவன்ஸ் போட்டிகள் இருக்கின்றன. ஆளுக்கு ஆட்டக்கணக்கில் பணம், ராத்திரி விளக்கில் கூட்டம். அகில இந்தியச் சம்மேளனம் அங்கீகரிக்காத ஆட்டம் அது. முழங்கால் போனால் கேட்க ஆளில்லை. உச்சியில் இருக்கும் ஐ.எஸ்.எல்.லும் உறுதியாக நிற்கவில்லை. 2025-ல் ஒப்பந்தச் சிக்கலால் புதிய பருவம் குறித்த காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனது. கிளப்புகளின் சம்பளத்தை நம்பியிருந்தவர்கள் நிச்சயமில்லாமல் காத்திருந்தார்கள். அந்த மாதங்களில் அலுவலக அணிகளில் இருந்தவர்களுக்கு முதல் தேதி சம்பளம் வழக்கம்போல வந்தது.

ஆக, மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் யோசனை அநேகமாக ஒரே திசையில் போகிறது. பதினெட்டு வயதில் களத்தில் இறங்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடு. பெஞ்சில் உட்கார்ந்தவனை யாரும் பார்ப்பதில்லை. பல்கலைக்கழக அணிக்கு ஆடி, காகிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்து. இருபத்திரண்டு வயதில் கிளப் கூப்பிட்டால், அங்கே உன் இடத்தில் யார் ஆடுகிறார் என்று கேட்டுவிட்டுப் போ. வேலை கிடைத்தால் அதன் விதிகளை முதலிலேயே படி. இது கோழையின் யோசனை என்று சிலர் சிரிக்கலாம். வலையை வீசும் முன் காற்றைப் பார்ப்பவனைக் கடலோரத்தில் யாரும் கோழை என்று சொல்வதில்லை.

மாலை ஆறு மணிக்கு டெக்னோபார்க்கின் கூட்டம் வெளியே வரும்போது, கழக்கூட்டத்தின் வாடகை மைதானங்களில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. கம்ப்யூட்டர் பொறியாளர்கள் காசு கொடுத்துக் கால்பந்து ஆடுகிறார்கள். அதே வேளையில், சற்றுத் தள்ளிக் கடலோரத்தில், அதே ஆட்டத்தைக் கொண்டு காசு சம்பாதிக்க வழியுண்டா என்று பார்க்கும் பையன்கள் இருட்டுகிறவரை மணலில் ஓடுகிறார்கள். அடுத்த சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பத்தில் எந்தக் கல்லூரியின் பெயரை முதலில் எழுதுவது என்று அவர்களில் சிலர் முடிவு செய்தாக வேண்டும்.